ஆண்மையை விற்ற கதை: பாரிஸ் ஊசியிலிருந்து இன்றைய குளிசை வரை

1889 ஆம் ஆண்டு ஜூன் மாதம் 1 ஆம் திகதி பாரிஸ் நகரில் உயிரியல் கழகத்தின் கூட்டம் ஒன்று நடைபெற்றது. அதில் உரையாற்ற எழுந்தவர் 72 வயது முதியவர். பெயர் சார்ள்ஸ் எட்வார்ட் பிறவுண் செக்கார்ட். மொரிஷியஸ் தீவின் போர்ட் லூயிஸ் நகரில் பிறந்தவர். முள்ளந்தண்டு நரம்புகள் பற்றிய ஆய்வுகளால் உலகப் புகழ் பெற்றவர். உடலியல் மேதை குளோட் பேர்னார்ட் மறைந்தபின் பிரான்சின் உயர்கல்வி நிறுவனமான கொலேஜ் டி பிரான்சில் அவரது ஆசனத்தில் அமர்ந்தவர். அத்தகைய ஒருவர் அன்று கூறியது சபையைத் திகைப்பில் ஆழ்த்தியது.

நாய்களினதும் கினிப் பன்றிகளினதும் விரைகளை நசுக்கிப் பிழிந்த சாற்றைத் தமது உடலில் ஊசிமூலம் ஏற்றிக்கொண்டதாக அவர் அறிவித்தார். அதன்பின் படிகளில் ஓடி ஏற முடிகிறது, ஆய்வுகூடத்தில் பல மணிநேரம் நின்று வேலை செய்ய முடிகிறது, கையின் பிடி வலுத்திருக்கிறது, மலச்சிக்கல் நீங்கியிருக்கிறது என்று பட்டியலிட்டார். சிறுநீர் எவ்வளவு தூரம் சென்று விழுகிறது என்பதைக்கூட அவர் அளந்து வைத்திருந்தார். அவரது கட்டுரை அடுத்த மாதமே லண்டன் மருத்துவ இதழான 'லான்செட்'டில் வெளியாயிற்று.

செய்தி காட்டுத்தீயாய்ப் பரவியது. முதுமையை வெல்லும் அமிர்தம் கிடைத்துவிட்டது எனப் பத்திரிகைகள் எழுதின. செக்கார்ட் தமது சாற்றை மருத்துவர்களுக்கு இலவசமாகவே அனுப்பி வைத்தார். ஆனால் வணிகர்கள் வாளாவிருப்பார்களா? அவரது பெயரைச் சொல்லிப் பல்வேறு சாறுகள் சந்தைக்கு வந்தன. அதே ஆண்டு ஓகஸ்டில் அமெரிக்காவின் பேஸ்போல் வீரர் பட் கல்வின் இந்தச் சாற்றை ஏற்றிக்கொண்டு ஆட்டத்தில் இறங்கினார் என்ற செய்தி வெளிவந்தது. விளையாட்டுத்துறையில் ஊக்கமருந்தின் வரலாறு அங்கேதான் தொடங்குகிறது என்று சொல்வோர் உண்டு.

செக்கார்ட் பொய் சொல்லவில்லை. தாம் உணர்ந்ததைத்தான் சொன்னார். ஆனால் அவர் உணர்ந்தது எது? ஏறத்தாழ 113 ஆண்டுகளின் பின், 2002 இல், அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் சிலர் அவரது செய்முறையை அப்படியே பின்பற்றி நாயின் விரைகளிலிருந்து சாறு தயாரித்து அளந்து பார்த்தார்கள். உடலில் எந்த மாற்றத்தையும் உண்டாக்கப் போதாத, இல்லை என்றே சொல்லத்தக்க அளவு ஹோர்மோன்தான் அதில் இருந்தது. அந்தப் பேரறிஞர் நம்பிக்கையைத்தான் ஊசியில் ஏற்றிக்கொண்டார்.

இன்றைக்கு எந்த இணையப் பக்கத்தைத் திறந்தாலும், எந்த மருந்துக் கடையின் கண்ணாடி அலுமாரியைப் பார்த்தாலும், "இயற்கை முறையில் டெஸ்டொஸ்டெரோனைப் பெருக்குங்கள்" என்ற அழைப்பு நம்மை எதிர்கொள்கிறது. தமிழ்ப் பத்திரிகைகளின் கடைசிப் பக்கங்களில் சிட்டுக்குருவி லேகிய விளம்பரங்களைக் கண்டு வளர்ந்த தலைமுறைக்கு இது புதிதல்ல. மொழியும் போத்தலும் மாறியிருக்கின்றன, வாக்குறுதி மாறவில்லை. ஆகவே இந்த வாக்குறுதியின் வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்ப்பது பயனுடையது எனக் கருதுகிறேன்.

சேவல் சொன்ன உண்மை

காயடித்த விலங்கு சாதுவாகிவிடும் என்பது உலகெங்கும் கமக்காரர் அறிந்த விடயம். நாம்பன் மாட்டைக் காயடித்துத்தான் ஏரிலும் வண்டியிலும் பூட்டினார்கள். ஏன் அப்படி நிகழ்கிறது என்பதை முதலில் பரிசோதித்துக் காட்டியவர் ஜேர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆர்னோல்ட் பேர்த்தோல்ட். 1849 இல் வெளிவந்த அவரது கட்டுரை நான்கு பக்கங்களே கொண்டது. அவர் பயன்படுத்திய சேவல்கள் ஆறு மட்டுமே.

விரைகள் அகற்றப்பட்ட சேவல்களின் கொண்டையும் தாடியும் சுருங்கின. அவை கூவவில்லை, சண்டையிடவில்லை, பேடுகளை நாடவுமில்லை. வேறு சிலவற்றில், அகற்றிய விரையை வயிற்றறைக்குள் வேறோர் இடத்தில் வைத்துத் தைத்தார். அந்தச் சேவல்களோ வழக்கம்போல் கொண்டை சிவந்து கூவித் திரிந்தன. பின்னர் அறுத்துப் பார்த்தபோது அந்த விரைக்குப் புதிய இரத்தக் குழாய்கள் ஓடியிருந்தன. பழைய நரம்புத் தொடர்பு அறுந்தே இருந்தது. ஆகவே விரையிலிருந்து ஏதோ ஒன்று இரத்தத்தில் கலந்து உடல் முழுவதையும் ஆள்கிறது என்பது தெளிவாயிற்று. 'ஹோர்மோன்' என்ற சொல் பிறப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு மேல் முன்னரே இந்த உண்மை கண்டறியப்பட்டது. ஆனால் அன்று அதை எவரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கத்தியும் குரங்கும் வெள்ளாடும்

செக்கார்டின் ஊசி பொய்த்தபின் கத்தியின் காலம் வந்தது. வியன்னாவில் உடலியல் அறிஞர் இயூஜின் ஸ்டைனாக் ஒரு கருத்தை முன்வைத்தார். விந்துக் குழாயைக் கட்டிவிட்டால், விந்தை உண்டாக்கும் இழையம் ஒடுங்கும், ஹோர்மோனை உண்டாக்கும் இழையம் பெருகும், முதுமை பின்வாங்கும் என்பது அவரது வாதம். இன்று கருத்தடைக்காகச் செய்யப்படும் அதே சிறு சத்திரசிகிச்சையைத்தான், ஒரு பக்கத்தில் மட்டும், இளமை மீட்பு என்ற பெயரில் அன்று செய்தார்கள். உளப்பகுப்பாய்வின் தந்தை சிக்மண்ட் பிராய்ட் தமது புற்றுநோய் மீளாதிருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பில் 1923 இல் இதனைச் செய்துகொண்டார். அயர்லாந்தின் நோபல் கவிஞர் டபிள்யூ. பி. யேற்ஸ் 1934 இல், தமது 68 ஆவது வயதில், லண்டனில் இதே சிகிச்சைக்கு உட்பட்டார். அவர் அதன்பின் எழுதிய கவிதைகளின் வேகத்தை இந்தச் சிகிச்சையின் வெற்றியாகக் காட்டுவோர் இருந்தனர். விந்துக் குழாயைக் கட்டுவதால் ஹோர்மோன் பெருகுவதில்லை என்பது இன்று ஐயத்துக்கு இடமின்றித் தெரியும்.

பாரிசில் ரஷ்யாவில் பிறந்த சத்திரசிகிச்சை நிபுணர் சேர்ஜ் வொறொனோவ் வேறு வழியில் சென்றார். 1920 ஜூன் மாதத்தில் குரங்கின் விரையை மெல்லிய துண்டுகளாக அரிந்து ஒரு மனிதனின் விரைப்பைக்குள் ஒட்டவைத்தார். செல்வந்தர்கள் வரிசையில் நின்றார்கள். பிரான்சின் எல்லையை ஒட்டிய இத்தாலியக் கடற்கரையில் தமது மாளிகையிலேயே அவர் குரங்குப் பண்ணை ஒன்றை நடத்த வேண்டியதாயிற்று. அந்நிய இழையத்தை உடல் ஏற்காது அழித்துவிடும் என்ற அறிவு பின்னர் வளர்ந்தது. வொறொனோவ் 1951 இல் காலமானபோது, ஒருகாலம் அவரைக் கொண்டாடிய உலகம் அவரை ஏளனத்துடன்தான் நினைவுகூர்ந்தது.

இவர்கள் இருவரும் தவறிய விஞ்ஞானிகள் எனலாம். அமெரிக்காவின் ஜோன் பிரிங்க்லியோ அப்பட்டமான ஏமாற்றுக்காரர். 1917 இல் கன்சாஸ் மாநிலத்தின் மில்போர்ட் என்ற சிற்றூரில் குடியேறிய இவர், வெள்ளாட்டின் விரைகளை ஆண்களுக்குப் பொருத்தி, ஆளொன்றுக்கு 750 டொலர் அறவிட்டார். அக்காலத்தில் அது பெரும் தொகை. 1923 இல் சொந்தமாக வானொலி நிலையம் தொடங்கினார். பாடல்களுக்கும் சமயப் பேச்சுகளுக்கும் இடையே, "உங்கள் உடல் தளர்ந்துவிட்டதா?" என்ற தொனியில் நேயர்களுடன் அந்தரங்கமாகப் பேசினார். 1930 இல் அவரது மருத்துவ அனுமதிப்பத்திரம் பறிக்கப்பட்டது. வானொலி உரிமமும் போயிற்று. அவரோ அதே ஆண்டில் மாநில ஆளுநர் தேர்தலில் போட்டியிட்டு வெற்றிக்கு அருகில் வந்தார். பிறகு மெக்சிக்கோ எல்லைக்கு அப்பால் பெருஞ்சக்தி வாய்ந்த வானொலி நிலையத்தை அமைத்து வியாபாரத்தைத் தொடர்ந்தார். அமெரிக்க மருத்துவச் சங்க இதழின் ஆசிரியர் மொறிஸ் பிஷ்பைன் அவரைப் போலி வைத்தியர் என்று எழுத, பிரிங்க்லி மானநட்ட வழக்குத் தொடுத்து 1939 இல் தோற்றார். 1941 இல் வங்குரோத்தானார். 1942 இல் இறந்தார். அவரது கத்தியில் உயிரிழந்தவர்களுக்கு அந்தத் தீர்ப்பால் பயன் எதுவும் இருக்கவில்லை.

இங்கே ஒரு விடயம் கவனிக்கத்தக்கது. பிரிங்க்லி விற்றது ஆட்டு விரையை மட்டுமல்ல, வெட்கத்தையும்தான். தமது தளர்ச்சியை மனைவியிடமோ குடும்ப வைத்தியரிடமோ சொல்லக் கூசிய ஆண்கள், முகம் தெரியாத வானொலிக் குரலை நம்பினார்கள். ஏமாந்தபின் அதை வெளியே சொல்லவும் கூசினார்கள். ஆண்மை வியாபாரத்தின் முதலீடு அன்றும் இன்றும் இந்த மௌனமே.

பத்து மில்லிகிராம்

மறுபுறத்தில், ஆரவாரமின்றி, இரசாயனவியலாளர்கள் உண்மையான பொருளைத் தேடிக்கொண்டிருந்தார்கள். 1927 இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் பிரெட் கொக் என்பவரின் குழு, 40 இறாத்தல் காளை விரைகளிலிருந்து 20 மில்லிகிராம் சாரத்தைப் பிரித்தெடுத்தது. காயடித்த சேவலுக்கு அதைச் செலுத்தியபோது கொண்டை மீண்டும் வளர்ந்தது. 1931 இல் ஜேர்மனியின் அடொல்வ் பூட்டெனான்ட், பொலிஸாரிடமிருந்து சேகரித்த சுமார் 15,000 லீற்றர் சிறுநீரிலிருந்து 15 மில்லிகிராம் அன்ட்ரொஸ்டெரோனைப் பிரித்தார். 1935 மே மாதம் அம்ஸ்டர்டாமில் ஏர்ன்ஸ்ட் லக்கேயரின் குழு 100 கிலோகிராம் காளை விரைகளிலிருந்து 10 மில்லிகிராம் தூய பளிங்குகளைப் பெற்று, அதற்கு டெஸ்டொஸ்டெரோன் என்று பெயரிட்டது. அதே ஆண்டு ஓகஸ்டில், ஒரு வார இடைவெளியில், பூட்டெனான்டும் சுவிற்சர்லாந்தின் லெயோபோல்ட் ருசிக்காவும் கொலஸ்திரோலிலிருந்து அதனைச் செயற்கையாக ஆக்கும் வழிகளை அறிவித்தனர். 1939 இன் இரசாயனவியல் நோபல் பரிசு இருவருக்கும் கிடைத்தது. ஹிட்லரின் அரசு தடுத்தமையால் பூட்டெனான்ட் அதனை அன்று ஏற்க முடியவில்லை. 1949 இலேயே அவர் சான்றிதழைப் பெற்றார்.

100 கிலோவுக்கு 10 மில்லிகிராம் என்ற அந்தக் கணக்கு ஒரு பெரிய பாடத்தைச் சொல்கிறது. விரை என்பது ஹோர்மோனைச் சேமித்து வைக்கும் களஞ்சியமன்று. உற்பத்தியான கையோடு அது இரத்தத்தில் கலந்துவிடுகிறது. வளர்ந்த ஆணின் உடல் நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 முதல் 7 மில்லிகிராம் வரை உற்பத்தி செய்கிறது. ஒரு நாள் தேவைக்கே பல பத்துக் கிலோ காளை விரைகள் வேண்டும். உண்டாலும், குடலிலிருந்து ஈரலுக்குச் செல்லும் டெஸ்டொஸ்டெரோனின் பெரும்பகுதியை ஈரல் அழித்துவிடுகிறது. ஆட்டு விரையையும் சிட்டுக்குருவியையும் உண்டால் அவற்றின் ஆண்மை நமக்கு வந்துசேரும் என்ற தொன்மையான நம்பிக்கை இந்த இரண்டு உண்மைகளின் முன்னால் நிற்காது.

ஆண்மை ஊசியே கருத்தடையான விந்தை

செயற்கை ஹோர்மோன் கைக்கு வந்ததும் அது மருந்தாகவும் பயன்பட்டது, மோசடியாகவும் பயன்பட்டது. விரைகள் இயங்காத நோயாளிகளுக்கு அது பெரும் வரமாயிற்று. பளுதூக்கும் வீரர்களும் ஓட்டவீரர்களும் அதையும் அதன் உறவுப் பொருள்களையும் இரகசியமாக நாடினர். 1958 இல் டயனபோல் குளிசை அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. 1976 மொன்றியல் ஒலிம்பிக்கிலிருந்து இவ்வகை மருந்துகளுக்கான பரிசோதனை தொடங்கியது. 1988 இல் சோலில் 100 மீற்றர் தங்கப் பதக்கத்தை பென் ஜோன்சன் இழந்த கதையை வாசகர் அறிவர்.

ஆனால் அதிகம் பேசப்படாத ஓர் ஆய்வு உண்டு. உலக சுகாதார நிறுவனம் 7 நாடுகளைச் சேர்ந்த 271 ஆரோக்கியமான ஆண்களுக்கு வாரந்தோறும் 200 மில்லிகிராம் டெஸ்டொஸ்டெரோன் ஊசி ஏற்றியது. அதன் முடிவு 1990 இல் லான்செட்டில் வெளியானது. அவர்களுள் 157 பேரின் விந்தில் விந்தணுவே இல்லாது போயிற்று! அந்த ஆய்வின் நோக்கமே அதுதான். டெஸ்டொஸ்டெரோன் ஊசியை ஆண்களுக்கான கருத்தடையாகப் பயன்படுத்த முடியுமா என்றே அவர்கள் ஆராய்ந்தார்கள்.

காரணம் எளிது. மூளையின் அடியிலுள்ள கபச் சுரப்பி இரத்தத்திலுள்ள ஹோர்மோனின் அளவை ஓயாது கண்காணிக்கிறது. வெளியிலிருந்து வந்து நிறைந்துவிட்டால், "போதும், வேலையை நிறுத்து" என்று விரைக்குக் கட்டளை போகிறது. விரையின் சொந்த உற்பத்தி நிற்கிறது. விந்தணு உற்பத்தியும் நிற்கிறது. விரைகள் சிறுத்தும் போகின்றன. ஊசியை நிறுத்தினால் பெரும்பாலானோருக்குச் சில மாதங்களில் நிலைமை சீராகும். சிலருக்கு ஓராண்டும் அதற்கு மேலும் செல்லும். உடற்பயிற்சிக் கூடத்தில் தசையைப் பெருக்க இவ்வூசியைப் போட்டுக்கொள்ளும் இளைஞன், திருமணமாகிக் குழந்தைக்காக ஏங்கி வைத்தியரிடம் செல்லும்போதுதான் இதனை அறிகிறான். ஆண்மையை வேண்டிப் போனவன் தந்தைமையை இழந்து நிற்கும் அவலம் இது.

குறையை நிரப்பும் உணவு

அப்படியானால் உணவினால் எதுவுமே ஆகாதா? ஆகும். எங்கே ஆகும் என்பதில்தான் விடயம் இருக்கிறது.

ஈரானின் ஷிராஸ் நகருக்கு 1958 இல் சென்ற இந்திய வம்சாவளி மருத்துவர் ஆனந்த பிரசாத், அங்கு வினோதமான நோயாளிகளைக் கண்டார். 21 வயது இளைஞன் பத்து வயதுச் சிறுவன்போல் தோன்றினான். உயரமில்லை, மீசையில்லை, பாலுறுப்புகளும் வளரவில்லை. இவர்களது அன்றாட உணவு புளிக்கவைக்காத முழுக்கோதுமை ரொட்டி. இறைச்சி கிடைப்பது அரிது. களிமண் தின்னும் வழக்கமும் இருந்தது. 1961 இல் இதுபற்றி எழுதிய பிரசாத், பின்னர் எகிப்தில் தொடர்ந்த ஆய்வுகளில் காரணத்தை உறுதிசெய்தார். அது துத்தநாகக் குறைபாடு. இலங்கைப் பாடநூல்கள் நாகம் என்று அழைக்கும் அதே உலோகம்தான். தானியத்தின் தவிட்டிலுள்ள பைற்றேற் என்னும் பொருள் நாகத்தைப் பிடித்துவைத்து, உடல் உறிஞ்ச விடாமல் தடுத்திருந்தது. நாகம் கொடுத்ததும் அந்த இளைஞர்கள் வளர்ந்தார்கள், பருவமடைந்தார்கள். மனிதனுக்கு நாகம் இன்றியமையாதது என்பதையே உலகம் அப்போதுதான் உணர்ந்தது.

அதே பிரசாத் 1996 இல் வெளியிட்ட ஆய்வொன்றில், இளைஞர்களுக்கு நாகம் குறைந்த உணவை 20 வாரங்கள் கொடுத்தபோது டெஸ்டொஸ்டெரோன் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காக வீழ்ந்தது. நாகக் குறைபாடு சற்றே இருந்த முதியவர்களுக்கு ஆறு மாதம் நாகம் கொடுத்தபோது அது ஏறத்தாழ இரட்டித்தது. இதைப் படித்த வணிகர்கள் நாகக் குளிசைகளை ஆண்மைக் குளிசைகளாக்கினார்கள். ஆனால் குறைபாடு இல்லாதவன் நாகம் விழுங்கினால் ஹோர்மோன் ஏறுவதில்லை. அளவு மீறினால் செப்புக் குறைபாடும் இரத்தசோகையும் வரலாம். நிறைந்த குடத்தில் மேலும் நீர் வார்த்தால் வழிந்தோடுமே தவிரக் குடம் பெரிதாகாது.

நமது சமையலறை இந்த விடயத்தில் நமக்குப் பாதகமாக இல்லை. சிப்பியிலும் நண்டிலும் இறைச்சியிலும் நாகம் மிகுதி. எள்ளிலும் பயறு பருப்பு வகைகளிலும் உண்டு. ஊறவைத்தல், முளைகட்டுதல், புளிக்கவைத்தல் ஆகியவை பைற்றேற்றைக் குறைக்கின்றன. தோசை மாவை இரவு முழுதும் புளிக்கவிட்ட நம் பாட்டிமார் இரசாயனவியல் படிக்கவில்லை. ஆனால் ஷிராஸ் ரொட்டிக்கும் நம் தோசைக்கும் உள்ள வேறுபாடு அந்த ஓர் இரவில் இருக்கிறது.

பட்டினியும் ஆண்மையைப் பறிக்கும். 1944 நவம்பரில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் அன்சல் கீஸ் என்பவர் ஓர் ஆய்வைத் தொடங்கினார். போரில் ஆயுதமேந்த மனச்சாட்சி இடம்தராது என்று மறுத்த 36 இளைஞர்கள், போரினால் பட்டினி கிடக்கும் மக்களுக்கு எவ்வாறு உணவூட்டுவது என்பதை அறிய உதவுவதற்காக, தாமே முன்வந்து அரைப்பட்டினி கிடந்தார்கள். ஆறு மாதத்தில் உடல் எடையில் கால்வாசியை இழந்தார்கள். பெண்கள் மீதான நாட்டம் அவர்களிடமிருந்து முற்றாக அகன்றது. உணவைத் தவிர வேறெதையும் அவர்கள் கனவிலும் காணவில்லை. இன்று அழகுக்காகக் கடும் பட்டினி கிடக்கும் இளைஞர்கள் இதனை அறிய வேண்டும்.

மறுமுனையும் இதற்குக் குறைந்ததன்று. உடற்கொழுப்பு மிகுந்தால் அதிலுள்ள நொதியம் டெஸ்டொஸ்டெரோனைப் பெண் ஹோர்மோனாக மாற்றுகிறது; கபச் சுரப்பியின் கட்டளையும் தளர்கிறது. 2004 இல் அமெரிக்காவின் பவலோ நகரில் பரேஷ் தண்டோனாவின் குழு, இரண்டாம் வகை நீரிழிவுள்ள 103 ஆண்களைப் பரிசோதித்தபோது மூவரில் ஒருவருக்கு இந்த ஹோர்மோன் குறைவாக இருக்கக் கண்டது. நீரிழிவு வீட்டுக்கு வீடு காணப்படும் நமது சமூகத்துக்கு, கொழும்பில் வாழ்ந்தாலும் ரொறன்ரோவில் வாழ்ந்தாலும், இது நேரடியான செய்தி. பெருத்த வயிறு குறையும்போது ஹோர்மோன் தானாக ஏறுகிறது. அதற்குப் போத்தல் தேவையில்லை.

உறக்கமும் அப்படியே. 2011 இல் சிக்காகோ பல்கலைக்கழகம் 10 ஆரோக்கியமான இளைஞர்களை ஒரு வாரம் இரவில் ஐந்து மணிநேரமே உறங்கவிட்டது. பகல்நேர டெஸ்டொஸ்டெரோன் 10 முதல் 15 வீதம் குறைந்தது. இரவு பகலாக இரண்டு வேலை பார்க்கும் புலம்பெயர்ந்த தமிழன் குளிசை வாங்குமுன் தன் உறக்கத்தின் கணக்கைப் பார்ப்பது நல்லது.

விற்றமின் டி பற்றியும் சொல்லவேண்டும். 2011 இல் ஒஸ்திரியாவின் கிராஸ் நகர ஆய்வாளர்கள், ஓராண்டு விற்றமின் டி உட்கொண்டவர்களில் டெஸ்டொஸ்டெரோன் உயர்ந்ததாக அறிவித்தார்கள். விற்பனையாளர்கள் கொண்டாடினார்கள். அதே நகரில் 2017 இலும் 2019 இலும் வெளியான மேலும் கவனமான ஆய்வுகளில் அந்த உயர்வு காணப்படவில்லை. முதல் ஆய்வு இன்றும் விளம்பரங்களில் மேற்கோளாகிறது. பிந்தியவை அங்கே இடம்பெறுவதில்லை. இதனால் விற்றமின் டி வேண்டாம் என்பதன்று. நோர்வேயில் வாழும் இலங்கையரின் இரத்தத்தில் அது தாயகத்தில் வாழ்வோரைவிட மிகக் குறைவு என 2008 ஆய்வு ஒன்று காட்டியது. எலும்புக்காக அது தேவை. ஆண்மைக்காக என்று சொல்லி விற்பதுதான் தவறு.

மூலிகையும் சட்டத்தின் ஓட்டையும்

1994 ஒக்டோபரில் அமெரிக்க ஜனாதிபதி கிளின்டன் ஒரு சட்டத்தில் கையொப்பமிட்டார். உணவுத் துணைப்பொருள்கள் சந்தைக்கு வருமுன் அவை பயன் தருகின்றன என்றோ பாதுகாப்பானவை என்றோ அரசிடம் நிரூபிக்கத் தேவையில்லை என்ற நிலையை அது உறுதிப்படுத்தியது. இன்றைய உலகளாவிய குளிசைச் சந்தையின் வாசற்கதவு அதுவே.

1998 இல் பேஸ்போல் வீரர் மார்க் மக்குவயர் 70 ஓட்ட அடிகளுடன் சாதனை படைத்தபோது, அவரது அலுமாரியில் அன்ட்ரொஸ்டெனெடியோன் போத்தல் ஒன்றை ஒரு பத்திரிகையாளர் கண்டார். கடையில் எவரும் வாங்கக்கூடிய பொருள் அது. விற்பனை உச்சத்துக்குப் போயிற்று. அடுத்த ஆண்டே அயோவாவில் நடந்த ஆய்வில், அதை உட்கொண்ட இளைஞர்களின் டெஸ்டொஸ்டெரோன் உயரவில்லை. உயர்ந்தது பெண் ஹோர்மோன்தான் என்று கண்டார்கள். நல்ல கொலஸ்திரோலும் குறைந்தது. 2004 இல் அது தடைசெய்யப்பட்டது. தாம் வலுவான ஸ்டெரொயிட்டுகளையும் பயன்படுத்தியதாக மக்குவயர் 2010 இல் ஒப்புக்கொண்டார்.

நமது மண்ணில் காலைக் குத்தும் நெருஞ்சிலுக்கும் இந்தக் கதையில் இடம் உண்டு. சித்த வைத்தியம் அதனைப் பெரிதும் சிறுநீர்க் கோளாறுகளுக்குப் பயன்படுத்தி வந்தது. 1980 களில் பல்கேரிய மருந்து நிறுவனம் ஒன்று அதனைக் குளிசையாக்கிற்று. அந்நாட்டுப் பளுதூக்கும் வீரர்களின் வெற்றிக்கு நெருஞ்சிலே காரணம் என்ற கதை உலகெங்கும் பரவியது. 2005 இல் பல்கேரிய ஆய்வாளர்களே இளைஞர்களிடம் பரிசோதித்து, ஆண் ஹோர்மோனில் மாற்றம் எதுவுமில்லை என்று எழுதினர். 2007 இல் அவுஸ்திரேலிய றக்பி வீரர்களிடம் செய்த ஆய்வும் வலிமையில் வேறுபாடு காணவில்லை. முருங்கைக்காயின் கதையும் இத்தகையதே. 1983 இல் வந்த பாக்யராஜின் 'முந்தானை முடிச்சு' திரைப்படம் அதற்குக் கொடுத்த புகழை எந்த ஆய்வுகூடமும் கொடுத்ததில்லை. முருங்கை சத்தான உணவு. அந்த அளவோடு அதை விரும்பி உண்ணலாம்.

அமுக்கரா, அதாவது அசுவகந்தி, பற்றிச் சில சிறிய ஆய்வுகள் ஓரளவு உயர்வைக் காட்டியுள்ளன. அவை குறுகிய காலத்தவை, சிலரிடம் மட்டும் செய்யப்பட்டவை. ஈரல் பாதிப்புகளும் பதிவாகியுள்ளன. டென்மார்க் 2023 இல் அதைத் தடைசெய்தது. பாரம்பரிய மருந்து என்பதாலேயே எவ்வளவும் எவரும் உண்ணலாம் என்று பாரம்பரியம் ஒருபோதும் சொன்னதில்லை. அளவும் பத்தியமும் நோயாளியின் உடல்வாகும் பார்த்தே நமது வைத்தியர்கள் கொடுத்தார்கள். இணையத்தில் வாங்கும் போத்தலுக்கு அந்த வைத்தியர் இல்லை.

2020 இல் வெளியான கலிபோர்னிய ஆய்வொன்று, டெஸ்டொஸ்டெரோனைப் பெருக்குவதாகச் சொல்லும் 50 தயாரிப்புகளை எடுத்து, அவற்றிலிருந்த 109 பொருள்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்தது. ஏறத்தாழ கால்வாசிப் பொருள்களுக்கே உயர்வைக் காட்டும் தரவு ஏதாவது இருந்தது. பத்தில் ஒன்று ஹோர்மோனைக் குறைப்பதாகவும் தரவு இருந்தது. பத்தில் ஆறுக்கு எந்தத் தரவும் இல்லை.

இதைவிட ஆபத்தானது ஒன்றுண்டு. 2007 முதல் 2016 வரை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் கலப்படம் எனக் கண்டுபிடித்த 776 துணைப்பொருள்களில் 353 பாலியல் வீரியம் பற்றியவை. "முற்றிலும் மூலிகை" என்று எழுதிய குளிசைக்குள் பெரும்பாலும் இருந்தது வயாகராவின் மருந்துப் பொருளான சில்டெனாபில்தான். நெஞ்சுவலிக்கு நைத்திரேற்று மருந்து எடுக்கும் இதயநோயாளி தன்னை அறியாமல் இதை விழுங்கினால் இரத்த அழுத்தம் திடீரென வீழ்ந்து உயிரே போகலாம். குளிசை வேலை செய்கிறது என்று வியந்து மூலிகைக்கு நன்றி சொல்பவர், எந்த மருந்துக்கு நன்றி சொல்கிறார் என்பதை அறியார்.

வரலாறு சொல்லும் புத்தி

ஏறத்தாழ 135 ஆண்டு காலக் கதையைத் தொகுத்துப் பார்த்தால் சில உண்மைகள் தெளிவாகின்றன. குறைபாடு உள்ள இடத்தில் உணவு அற்புதம் செய்யும். நிறைவு உள்ள இடத்தில் எதுவும் செய்யாது. கொழுப்பைக் குறைப்பதும் போதிய உறக்கமும் எந்தப் போத்தலையும்விட நம்பத்தக்கவை. உண்மையான ஹோர்மோன் வலிமையான மருந்து. தேவையுள்ளவருக்கு வாழ்வளிக்கும், தேவையற்றவரிடம் உள்ளதையும் பறிக்கும்.

உடல் தளர்ச்சியோ நாட்டக் குறைவோ தொடர்ந்து வருத்துமானால், காலை வேளையில், இரண்டு வெவ்வேறு நாட்களில், இரத்தத்தில் டெஸ்டொஸ்டெரோனை அளந்து பார்க்க வைத்தியரைக் கேட்கலாம். கூடவே இரத்தச் சீனியையும் பார்த்துக்கொள்ள வேண்டும். விறைப்புக் குறைபாடு பல சமயங்களில் இரத்தக் குழாய்கள் அடைபடத் தொடங்கியதன் முதல் எச்சரிக்கையாகும். மாரடைப்புக்குச் சில ஆண்டுகள் முன்னதாகவே அது தன்னைக் காட்டிவிடுகிறது. அந்த எச்சரிக்கையை லேகியத்தால் மூடிவைப்பவர் தமது இதயத்தையே பணயம் வைக்கிறார்.

பிறவுண் செக்கார்ட் 1894 இல், முதுமையை வெல்லாமலே, காலமானார். ஆயினும் அவரிடம் ஒரு நேர்மை இருந்தது. தமது தளர்ச்சியை அவர் மறைக்கவில்லை. சபை நடுவே எழுந்து, படியேற முடியவில்லை, உறக்கம் கெட்டுவிட்டது என்று 72 வயதில் சொன்னார். அவரது சாறு பொய்த்துப் போனாலும் அந்தத் துணிவு பொய்யன்று. நமது ஆண்கள் அந்தத் துணிவில் ஒரு சிறு பங்கையேனும், மூடிய அறைக்குள் ஒரு வைத்தியரிடமேனும், காட்டுவார்களானால் ஆண்மை விற்போரின் கடைகள் பல மூடப்பட்டுவிடும்.